பின் சக்கரத் தடம்

சக்கரபாணிக்குப் பொய் சொல்ல வராது. கோலியனூரில் யாரைக் கேட்டாலும் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். அவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணின தையல்நாயகிக்குத்தான் அதில் இருக்கிற பேஜாரு தெரியும். பொய் சொல்கிறவனை இரண்டு அதட்டு அதட்டினால் உண்மையைக் கக்கிவிடுவான். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் வாயை மூடிக்கொண்டு விட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தால் அவரை என்ன செய்வது?

ஒரு வாரமாக அவர் விட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுக்கிற காண்டிராக்ட் அவருக்குக் கிடைத்ததும், அதற்காக டிரெய்லர் ஒன்றைத் தையல்நாயகி பேரில் வாங்கித் திண்டிவனத்து ஷெட்டில் நிறுத்தி வைத்திருப்பதும் ஊருக்கே தெரிந்த கதை. டிரெய்லர் தானாக நகருமா? இழுக்க லாரி வேண்டும். லாரியை ஓட்டப் போகிறவன் அவளுடைய தம்பி ராஜாமணி. தாய் தகப்பன் போனபிறகு அவள் பிசைந்து போட்ட சோற்றைத் தின்று வளர்ந்த ஒரே தம்பி. ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். பெண், திண்டிவனம் சீனுவாசனின் மகள் பாஞ்சாலி.

அதே ஷெட்டில் இரண்டு லாரிகள் விலைக்கு நின்றன. ஒன்று, சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்கு ஓடி, சண்டை முடிந்து ஏலத்தில் விழுந்து, கைமாறிக் கைமாறி வந்தது. அதற்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரே டயர். இன்னொன்றுக்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டிரண்டு டயர்.

ரெட்டை டயர் வண்டிதான் வேண்டும் என்று ஒரு மாசமாக ஒற்றைக் காலில் நின்றவர் சக்கரபாணியேதான். அடுப்பங்கரை வரைக்கும் வந்து அவளுக்குப் பாடம் நடத்தினார்.

"டிரெய்லரோட பாரம் பூரா கொக்கி வழியா வந்து லாரியோட முதுகுல உக்காந்துக்கும் நாயகி. பின்னாடி ஒத்தை டயருன்னு வெச்சுக்கோ. நடு ரோட்டுல அது வெடிச்சா லாரி ஒரு பக்கமா படுத்துக்கும். பின்னாடி வர்ற டிரெய்லரு கம்முனு இருக்குமா? தூக்கி அடிச்சுடும். ரெட்டை டயருன்னா ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கிக்கினு நிக்கும். உன் தம்பி உசுரு அந்த ரெண்டாவது டயருலதான் இருக்குது."

இப்படிச் சொன்ன மனுஷன், போன செவ்வாய்க்கிழமை ராஜாமணியைக் கூட்டிக்கொண்டு விழுப்புரம் போனார். எதற்கு என்று சொல்லவில்லை. பொழுது சாய்ந்து வந்தார்கள். காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்ததும், "ஒத்தை டயர் வண்டியே எடுத்துக்கலாம்" என்றார்.

"இன்னாத்துக்கு?"

"கரும்புக் கொல்லையில வண்டிப்பாட்டை இருக்குதே... ரெட்டை டயரு அதுல எறங்காது. ரெண்டு டயருக்கு நடுவுல கல்லு, மண்கட்டி எல்லாம் மாட்டிக்கும்."

அதுவும் நிஜந்தான். ஆனால் அந்த வண்டிப்பாட்டை செவ்வாய்க்கிழமை காலையில்தான் முளைத்ததா? அவருடைய பாட்டன் காலத்திலிருந்து அங்கேதானே கிடக்கிறது?

தையல்நாயகி சும்மா விடவில்லை. நின்றால் கேட்டாள், உட்கார்ந்தால் கேட்டாள். அவர் விட்டத்தைப் பார்த்தார். ராஜாமணியைக் கேட்டாள். "மாமா சொன்னா சரிதாங்க்கா" என்று எழுந்து போய்விட்டான். மாமா எது சொன்னாலும் மடக்கி மடக்கிப் பேசுகிற பயல்! அவன் வாயையும் கட்டியாகிவிட்டதா?

லாரி விற்றுக் கொடுக்கிற தரகன் மாசிலாமணியின் வேலையாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. விலை போகாத பட்டாளத்து வண்டியைத் தலையில் கட்டத் தரகன் அவருக்கு ஏதோ ஆசை காட்டியிருக்கிறான். வேறென்ன? தன் தம்பியின் உயிரை வைத்துத் தரகு பேசுகிற ஆளோடா இத்தனை நாள் குடும்பம் நடத்தினோம் என்று அவள் பொருமினாள்.

ஆகவே இன்று காலையில் லாரி பார்க்கப் போகிறோம் என்று அவர் சட்டையை மாட்டியபோது, அவள் சிவப்புச் சின்னாளப்பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீ எங்க?"

"திண்டிவனம்."

"லாரி எடுக்கற எடத்துல பொம்பளைக்கு இன்னா வேலை?"

"டிரெய்லரு யாரு பேருல இருக்குது?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார், செருப்பை மாட்டிக்கொண்டார்.

விழுப்புரத்தில் பஸ் மாறினார்கள். பஸ்ஸில் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டு புருஷனையும் தம்பியையும் கவனித்தபடியே வந்தாள் தையல்நாயகி. சக்கரபாணி ராஜாமணியை ஒட்டிக்கொண்டே வந்தார். ஏறும்போதும் இறங்கும்போதும் அவனுடைய இடது பக்கத்திலேயே நின்றார். விக்கிரவாண்டியில் பஸ் நின்றபோது ராஜாமணி தண்ணீர் குடிக்க இறங்கினான். இவரும் பின்னாலேயே இறங்கினார். இருபத்தைந்து வயசுப் பையன், தண்ணீர் குடிக்கத் துணையா வேண்டும்? அக்காவும் தம்பியும் தனியாக ஒரு வார்த்தை பேசிவிடக் கூடாது என்றல்லவா காவல் காக்கிறார்! பாரேன் இந்த மனுஷனை, என்று அவள் பல்லைக் கடித்தாள்.

ஷெட் வாசலில் மாசிலாமணி வெற்றிலை மென்றுகொண்டு நின்றான். அவனுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் ஜரிகைத் துண்டுமாக நின்றவரைப் பார்த்ததும் தையல்நாயகிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாஞ்சாலியின் அப்பா சீனுவாசன்!

"வாங்க சம்பந்தி, வாம்மா" என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றார் அவர். "மாசிலாமணி சொன்னாரு, இன்னிக்கு வண்டி பாக்க வர்றீங்கன்னு. நம்ம மாப்பிள்ளை ஓட்டறதை ஒரு கண்ணு பார்த்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

ஓஹோ. தரகனுக்கும் சம்பந்திக்கும் இவ்வளவு பழக்கமா? அவள் மனசு ஜல்தியாகக் கணக்குப் போட்டது. அந்தப் பட்டாளத்து லாரி இவருடையதாகவே இருக்குமோ? பெண்ணையும் கொடுத்து, ஓட்டை லாரியையும் தள்ளிவிடுகிறாரோ? அதற்கு இவளுடைய புருஷன் உடந்தையோ?

"வண்டி யாருதுங்க சம்பந்தி?" என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

"எனக்கு இன்னாம்மா தெரியும்? மல்லாட்டை மூட்டை ஏத்தறதோட சரி. லாரிக்கு எத்தினி சக்கரம்னு கேட்டாக்கூட எண்ணிப் பார்த்துத்தான் சொல்லணும்" என்று அந்த வேர்க்கடலை வியாபாரி சிரித்தார். அந்தச் சிரிப்பில் கள்ளம் இருக்கிறதா என்று அவள் துருவிப் பார்த்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் சந்தேகம் இன்னும் கூடிற்று.

ஷெட்டின் பின்பக்கத்திலிருந்து கேட்டு வரைக்கும் நீளமாக ஒரு பாதை. இரண்டு பக்கமும் வெள்ளையடித்த கருங்கல் நட்டிருந்தது; இடது வரிசை மட்டும் உள்ளும் வெளியுமாகக் கொஞ்சம் கோணல். லாரி போக இடம் போதும். தாராளம் என்று சொல்ல முடியாது. முந்தின நாள் தூறல் போட்டிருந்ததால் மண் பதமாக இருந்தது.

"ரெண்டு வண்டியும் ஓட்டிப் பார்க்கட்டும்" என்றாள் தையல்நாயகி.

"ரெட்டை டயரு எதுக்கு? அதான் வேணாம்னு முடிவு பண்ணியாச்சே" என்றார் சக்கரபாணி அவசரமாக.

"நீங்க பண்ணீங்க. நான் பண்ணலை."

மாசிலாமணிக்கு எந்த வண்டி விற்றாலும் சந்தோஷம். "அக்கா சொல்றதும் ஞாயந்தானே" என்று அவன் ரெட்டை டயர் வண்டியில் டிரெய்லரைக் கொக்கி மாட்டச் சொன்னான். இது அவளுக்குப் புதிராக இருந்தது. பட்டாளத்து வண்டியைத் தள்ளிவிடத் துடிக்கிற தரகன் இப்படியா பேசுவான்?

ராஜாமணி ஏறினான். வண்டியை எடுத்தான். கேட்டு வரைக்கும் போய், அதற்கு உள்ளேயே பக்கத்து மைதானத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வேறு வழியாக வந்து நிறுத்தினான். சீனுவாசன் கையைத் தட்டினார். "நம்ம மாப்பிள்ளை கையில வண்டி என்னமா போவுது பார்த்தீங்களா!"

பிறகு பட்டாளத்து வண்டியில் டிரெய்லரை மாட்டி அதையும் அப்படியே ஓட்டி வந்தான்.

"பார்த்தியா? ஒத்தை டயருல எவ்ளோ சுத்தமா ஓட்றான்" என்றார் சக்கரபாணி. ஒரு வாரத்தில் அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினது இதுதான் முதல் தடவை.

 தையல்நாயகி பாதையில் இறங்கித் தரையைப் பார்த்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தாள்.

அவள் பிறந்த வீடு மண்டகப்பட்டில். அந்தப் பக்கம் மாடு வாங்குகிறவர்கள் பல்லையும் சுழியையும் பார்ப்பதோடு விட மாட்டார்கள். ஜோடியை வண்டியில் கட்டி ஓட்டச் சொல்லிவிட்டு, மாட்டை விட்டுவிட்டு மண்ணைப் பார்ப்பார்கள். எந்த மாடு தோள் கொடுக்காமல் டபாய்க்கிறது, எது ஒரு பக்கமாக இழுக்கிறது என்பதெல்லாம் சக்கரத் தடத்தில் தெரிந்துவிடும். மாடு வாயைத் திறந்து சொல்லுமா? தடந்தான் சொல்லும். சின்ன வயசிலிருந்து அவளுக்கும் அது பழகிப் போயிருந்தது.

அவள் தேடியது வண்டியில் இருக்கிற கோளாறை. பட்டாளத்து லாரி ஒரு பக்கமாக இழுக்கிறதா, டிரெய்லர் ஆடுகிறதா என்று பார்க்கத்தான் இறங்கினாள். அப்படி ஏதாவது கிடைத்தால் அதைச் சொல்லிப் புருஷன் வாயை அடைத்துவிடலாம்.

வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. தடம் வேறு எதையோ சொன்னது.

வலது பக்கத்தில் தடம் கோடு போட்ட மாதிரி இருந்தது. கல்லுக்கும் டயருக்கும் நடுவில் ஒரு சாண், முதலிலிருந்து கடைசி வரைக்கும் ஒரே சாண். இடது பக்கத்தில், ரெட்டை டயர் போன தடம் கல்லை உரசிக்கொண்டே போயிருந்தது. ஒரு கல் சாய்ந்திருந்தது. இன்னொரு கல்லில் சுண்ணாம்பு பெயர்ந்து டயரின் கறுப்பு ஒட்டியிருந்தது. வலது பக்கம் ஓட்டியவன் ஒருத்தன், இடது பக்கம் ஓட்டியவன் வேறொருத்தன் என்று சொன்னால் நம்பலாம்.

பட்டாளத்து லாரியின் தடத்தைப் பார்த்தாள். அதில் பின் டயர் முன் டயர் போன இடத்திலேயே அடக்கமாகப் போயிருந்தது. எந்தக் கல்லிலும் படவில்லை. ஆனால் அதிலும் வலது பக்கம் அதே ஒரு சாண். இடது பக்கம் ஓரிடத்தில் அகலம், ஓரிடத்தில் மயிரிழை. தப்பித்தது ஓட்டியவன் சாமர்த்தியத்தால் அல்ல. பின்னால் பிதுங்கிக்கொண்டிருக்க இன்னொரு டயர் இல்லாததால்.

ஐந்து வருஷம் விழுப்புரம் பஜாரில், சந்தை நாளில், ஒரு கூடைக்காரி மேலும் படாமல் லாரி ஓட்டினவன் ராஜாமணி. அவனா இடது பக்கம் இப்படி உரசுவான்?

அவள் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள்.

ராஜாமணி லாரியில் சாய்ந்து நின்றுகொண்டு மாசிலாமணியோடு பேசிக்கொண்டிருந்தான். அவள் சத்தம் போடாமல் அவனுடைய இடது பக்கமாகப் போனாள். கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள். கையை உயர்த்தி அவன் இடது கண்ணுக்கு நேரே, இத்தனை கிட்டத்தில், விரலை ஆட்டினாள்.

மாசிலாமணி பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். தம்பி இமைக்கவில்லை.

அவள் அங்கிருந்து நேராகப் புருஷனிடம் போனாள். அவர் கையைப் பிடித்து டிரெய்லருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"எத்தினி நாளா தெரியும் உங்களுக்கு?"

"இன்னா தெரியும்?"

"அவனுக்கு எடது கண்ணு தெரியலைன்னு."

சக்கரபாணி அண்ணாந்தார். அங்கே விட்டம் இல்லை, வானந்தான் இருந்தது. தலை தானாகக் கீழே வந்தது. கண் கலங்கியிருந்தது.

"போன செவ்வாக்கெழமைதான் தெரியும். மாசி மாசம் விழுப்புரத்து ஷெட்டுல ஜாக்கிக் கம்பி தெறிச்சுதே..."

"கன்னத்துலதானே பட்டுச்சு? வீங்கி வடிஞ்சுடுச்சே!"

"வெளியில வடிஞ்சுது. உள்ளாற என்னமோ அறுந்துபோச்சாம். கொஞ்சம் கொஞ்சமா இருட்டிக்கினு வந்திருக்குது. யாருகிட்டயும் சொல்லலை. அன்னிக்குக் கொல்லையில கெணத்து ஏத்தக்கால்ல மோதிக்கினு வுழுந்தான். அப்பத்தான் நான் புடிச்சேன். விழுப்புரத்துல கண்ணு டாக்டருகிட்ட இட்டுக்கினு போனேன். போனது போனதுதான்னு சொல்லிட்டாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"உன் தலை மேல சத்தியம் வாங்கிக்கினான் நாயகி. அக்காவுக்குத் தெரிஞ்சா ஸ்டீரிங்கைத் தொட வுடமாட்டா, லாரி இல்லன்னா எனக்கு ஏது பொழப்பு, எவன் பொண்ணு குடுப்பான்னு அழுதான். ஆம்பளைப் புள்ள தேம்பித் தேம்பி அழுவறான். நான் இன்னா பண்ணுவேன்?"

ஒரு வாரமாகப் புருஷனைத் தரகுக்காரன் என்று நினைத்தோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தை ஓரங்கட்டிவிட்டுக் கோபம் முந்திக்கொண்டு வந்தது.

"அதுக்குத்தான் ஒத்தை டயரா?"

"ஆமா. பின் டயரு வெளியில பிதுங்காது பாரு. முன்னால பார்த்து ஓட்டினாப் போதும், பின்னாடி தானா வந்துடும்." அவர் குரல் கெஞ்சியது. "நம்ம செவலை மாட்டுக்கு ஒரு கண்ணு போனப்ப இன்னா பண்ணோம்? வித்துட்டமா? குருட்டுக் கண்ணு உள்பக்கமா வர்ற மாதிரி எடம் மாத்திக் கட்டினோம். அப்புறம் நாலு வருஷம் உழுதுச்சு, வண்டி இழுத்துச்சு. ஒரு நாளு தடுமாறலை. அது மாதிரி இவனுக்கும் ஒரு தோது பண்ணிட்டா..."

"அந்த மாட்டுக்குப் பக்கத்துல கண்ணு தெரிஞ்ச இன்னொரு மாடு இருந்துச்சு. இவனுக்குப் பக்கத்துல யாரு இருக்குறது?"

சக்கரபாணி தோள்துண்டைக் கசக்கினார்.

"அந்த ஒத்தை டயரு வெடிச்சா இவன் செத்தான். வெடிக்கலைன்னா எடது பக்கம் வர்ற எவனாச்சும் செத்தான். இதான் நீங்க பண்ண தோதா? ஐயோ, உங்க நல்ல மனசுல நெருப்பை வெக்க!"

"மாப்பிள்ளே!" என்று அந்தப் பக்கத்திலிருந்து சீனுவாசன் குரல் கேட்டது. "இந்தப் பட்டாளத்து வண்டியை எடுங்க. டிரெய்லரோடவே பஜாரு பக்கம் ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம். நாலு பேரு பார்க்கட்டும்!"

தையல்நாயகி ஓடினாள். அதற்குள் சீனுவாசன் இடது பக்கச் சீட்டில் ஏறி, துண்டை மடியில் போட்டுக்கொண்டு, ஊர்வலம் போகிறவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார். ராஜாமணி ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தான்.

"இன்னிக்கு வேணாம் சம்பந்தி. சந்தை நாளு, ரோட்டுல கூட்டமா இருக்கும்."

"கூட்டம் இருந்தாத்தானேம்மா ஜோரு!"

அவள் வலது பக்கம் சுற்றி வந்து தம்பியை அண்ணாந்து பார்த்தாள். "ராஜா, எறங்குடா."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது.  ஆனால் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், எப்படி இறங்குவான்?

"தோ, போய்ட்டு வந்துடறேங்க்கா" என்று எஞ்சினைக் கிளப்பினான்.

 இப்போது, "இவனுக்கு ஒரு கண்ணு தெரியாது" என்று ஒரு சத்தம் போட்டால் போதும். லாரி நின்றுவிடும். ஆவணிக் கல்யாணமும் நின்றுவிடும். தன் வாயாலேயே தம்பி வாழ்க்கையில் மண்ணைப் போடுவதா? போடாவிட்டால், கேட்டுக்கு வெளியே இடது பக்கம் பூக்காரிகள், கூடைக்காரிகள், இடுப்பில் பிள்ளையோடு எத்தனையோ பேர்.

அவளுடைய மூளைக்கு முன்னால் கால் முடிவு செய்துவிட்டது. விறுவிறுவென்று நடந்து கேட்டருகே போனாள். லாரி வருகிற வழியில், இடது பக்கமாக, பானெட்டின் ஓரம் வந்து சேருகிற இடத்தில் நின்றாள்.

அவன் பார்த்தால் நிறுத்துவான். பார்த்து நிறுத்திவிட்டானானால், நான் வாயைத் திறக்கவே மாட்டேன், அவன் ஓட்டட்டும், என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பாருடா ராஜா. அக்கா நிக்கிறேன், பாருடா.

லாரி முதல் கியரில் உறுமிக்கொண்டு வந்தது. கேட்டை நெருங்கியதும் ராஜாமணி ரோட்டில் வண்டி வருகிறதா என்று வலது பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே ஸ்டீரிங்கை இடது பக்கம் ஒடித்தான்.

பானெட்டு அவளை நோக்கித் திரும்பியது. பட்டப்பகல். சிவப்புச் சின்னாளப்பட்டு. இந்தா, அந்தா என்று தூரம் குறைந்தது. எஞ்சின் சூடு முகத்தில் அடித்தது. அவள் கண்ணை மூடவில்லை. தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

"டேய்ய்! நிறுத்துடா! அக்காடா!" என்று சக்கரபாணி அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

"பிரேக்கு! பிரேக்கு!" என்று சீனுவாசன் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

லாரி குலுங்கி நின்றது. பின்னால் டிரெய்லர் மோதி இன்னும் ஒரு சாண் முன்னால் தள்ளிவிட்டது. பம்பர் அவள் இடுப்பில் வந்து முட்டியது. அவ்வளவுதான். அவள் கீழே விழவில்லை.

எஞ்சின் அணைந்து போயிற்று. 

ராஜாமணி கதவைத் திறந்துகொண்டு குதித்தான். முன்பக்கம் சுற்றி வந்து, பம்பருக்கும் கேட்டுக் கம்பத்துக்கும் நடுவில் நின்ற அக்காவைப் பார்த்தான். அப்படியே அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

"தெரியலைக்கா. நீ நின்னது எனக்குத் தெரியலைக்கா."

"எனக்குத் தெரியும்டா" என்றாள் அவள். குனிந்து அவன் தலைமேல் கையை வைத்தாள்.

அவன் வண்டியிலிருந்து பிடுங்கி வந்த சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினான். "நான் ஓட்டலைக்கா. இனிமே ஓட்டலை. எந்த வண்டியும் வேணாம்." சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அவளும் அழுதாள். சக்கரபாணி இரண்டு பேருக்கும் பக்கத்தில் நின்றுகொண்டு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சீனுவாசன் லாரியிலிருந்து மெதுவாக இறங்கினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நான் பார்த்துக்கினேதான் இருந்தேன்" என்றார். "அந்தம்மா நிக்கறதை அங்கேர்ந்தே பார்த்தேன். மாப்பிள்ளையும் பார்த்துக்கினுதான் வர்றாரு, நிறுத்துவாருன்னு நெனைச்சேன். இவ்ளோ பெரிய உருவம் உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

ராஜாமணி எழுந்து நின்றான். "எடது கண்ணு தெரியாதுங்க."

"எத்தினி பேரு சேர்ந்து மறைச்சீங்க?" சீனுவாசன் சக்கரபாணியைப் பார்த்தார், பிறகு தையல்நாயகியைப் பார்த்தார். "எம் பொண்ணைக் கண்ணைக் கட்டிக் கெணத்துல தள்ளலாம்னு குடும்பத்தோட பேசி வெச்சீங்களா?"

"அக்காவுக்கு இப்பத்தான் தெரியும். மாமா மேலயும் தப்பு இல்லை" என்றான் ராஜாமணி. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "உங்க பொண்ணுகிட்ட நான் மறைக்கலைங்க. அவங்களுக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியறதுக்கு முன்னாடியே அவங்ககிட்டத்தான் சொன்னேன்."

சீனுவாசன் அவன் பக்கம் ஓரடி வைத்தார்.

"பாஞ்சாலிகிட்டயா? நீ எப்ப அவகிட்டப் பேசினே?"

'மாப்பிள்ளை', 'நீங்க' என்கிற மரியாதையெல்லாம் காற்றில் போய்விட்டது. 

தையல்நாயகி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். பெண் பார்க்கப் போன அன்று பாஞ்சாலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். தம்பியும் பெண்ணும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் தம்பி தனியாகத் திண்டிவனம் வந்ததாக அவளுக்குத் தெரியாது. ஒரு வாரமாகப் புருஷனைச் சந்தேகப்பட்டாள். தரகனைச் சந்தேகப்பட்டாள். சம்பந்தியையும் விட்டுவைக்கவில்லை. தன் கையால் வளர்த்த இவனை ஒரு நிமிஷம் சந்தேகப்படவில்லையே!

"கேக்கறேன்ல? எப்ப? எங்க?"

ராஜாமணி தரையைப் பார்த்தான்.

"சரி. நீ சொல்ல வேணாம். சொல்ல வேண்டியவளை நான் கேட்டுக்கறேன்" என்றார் சீனுவாசன். ஜரிகைத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், கேட்டைத் தாண்டிப் போனார்.

"சம்பந்தி, நில்லுங்க, ஒரு வார்த்தை..." என்று சக்கரபாணி பின்னால் ஓடினார். அவர் நிற்கவில்லை. நடை வேகமாயிற்று.

ராஜாமணி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். 

"போக்கா. ஜல்தி போ. அவரு வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி நீ போய்டு. எனக்கு இன்னா ஆனாலும் பரவால்ல. அவளை அடிச்சுக் கொன்னுடுவாருக்கா."

தையல்நாயகி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சந்தைக் கூட்டத்துக்குள் ஓடினாள்.